பெரிய ஹாலுக்கு ஸ்பீக்கர் வாங்கறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

மச்சான் கோயம்புத்தூர்ல வீடு கட்டினப்போ பாட்டு கேக்கறதுக்குன்னே 30 அடிக்கு 20 அடி ஹால் போட்டாரு, சீலிங் 11 அடி. ஸ்பீக்கருக்கு மட்டுமே ஒரு கார் விலை. ஷோரூம்ல ரெண்டு ஜோடிய மாத்தி மாத்தி கேட்டோம், ஒண்ணு கேட்டவுடனே பிடிச்சுப்போச்சு, வாங்கிட்டு வந்தாச்சு, ரெண்டே வாரத்துல அவரு பாட்டு கேக்கறதையே குறைச்சுட்டாரு. ஸ்பீக்கர்ல குறையே இல்லைங்க, நாங்க தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு.

முதல் தப்பு, சத்தத்த சரிசமமா வைக்காம கம்பேர் பண்ணது. ரெண்டு ஸ்பீக்கர்ல ஒண்ணு 1 டெசிபல் கூட பாடினாலே நம்ம காதுக்கு அதுதான் "தெளிவா இருக்கு"ன்னு தோணும், சத்தம் கூடன்னே தெரியாது. போன்ல சவுண்ட் மீட்டர் ஆப் போட்டு, பிங்க் நாய்ஸ்ங்கற இரைச்சல் சத்தத்த ஓடவிட்டு, உக்கார்ற இடத்துல ரெண்டையும் ஒரே அளவுக்கு கொண்டுவந்துட்டு அப்புறம் கேளுங்க. முடிஞ்சா எது பாடுதுன்னு தெரியாம கேளுங்க. ஒலி ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் கனடாவுலயும் அப்புறம் ஹார்மன்ங்கற ஆடியோ கம்பெனிலயும் திரைக்குப் பின்னாடி ஸ்பீக்கர வச்சு வருஷக்கணக்கா டெஸ்ட் பண்ணவரு, கண்ணுக்குத் தெரிஞ்சா பேரும் விலையும் சைஸும் மார்க்க மாத்திடும்னு அதுல தெளிவாவே வந்துச்சு.

அடுத்தது சென்சிடிவிட்டி, அதாவது 1 வாட்ஸ் குடுத்தா ஸ்பீக்கர் எவ்ளோ சத்தமா பாடும்ங்கற நம்பர். பெரிய ஹால்ல இதுதான் உயிர், ஆனா ஸ்பெக் ஷீட்ல யாரும் ஒழுங்கா படிக்கறதில்ல. 1 மீட்டர்ல அளந்த நம்பர் அது, நீங்க 4 மீட்டர் தள்ளி உக்காந்தா நேரா வர்ற சத்தம் 12 டெசிபல் விழும், ரெண்டு ஸ்பீக்கரும் சுவர்ல பட்டு திரும்பறதும் சேர்ந்து அதுல பாதி திரும்பக் கிடைக்கும்னு வச்சுக்கலாம். அப்போ 87 டெசிபல் ஸ்பீக்கர் 1 வாட்ஸ்ல உங்க காதுக்கு 81. தவில் அடி விழற இடத்துல 100 தொடணும்னா கிட்டத்தட்ட 80 வாட்ஸ் வேணும், 84 டெசிபல் ஸ்பீக்கர்னா 160, 93 டெசிபல்னா 20 போதும். அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, நம்பர் 2.83 வோல்ட்ல அளந்ததா இருந்து ஸ்பீக்கர் 4 ஓம்னா (ஓம்ங்கறது ஸ்பீக்கர் கரண்ட தடுக்கற அளவு) அது 1 வாட்ஸ் இல்ல, 2 வாட்ஸ், அதனால 3 டெசிபல் கழிச்சுப் பாருங்க. ஓம் கணக்கும் அப்படித்தான், பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 801 டி4 பேப்பர்ல 8 ஓம், ஆனா சில சுரத்துல 3 ஓம் வரைக்கும் இறங்கும்னு கம்பெனியே போட்டிருக்காங்க. இந்த மாதிரி ஸ்பீக்கருக்கு நிறைய கரண்ட் குடுக்கற ஆம்ப்ளிஃபையர் வேணும், ஆம்ப் காசையும் சேத்துதான் பட்ஜெட் போடணும்.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா நான் பேஸ் கணக்கத்தான் சொல்வேன். பெரிய ஹாலுக்கு பெரிய வூஃபர் (பேஸ் பாடற கோன்), எவ்ளோ கீழ இறங்குதோ அவ்ளோ நல்லதுன்னு நினைச்சோம். ஆனா அமெரிக்கா ரிவ்யூல புகழற ஸ்பீக்கர் பலதும் மரச்சட்டத்துல ஜிப்சம் போர்டு அடிச்ச வீட்டுல கேட்டது, அந்த சுவர் பேஸ்ல கொஞ்சத்த தானே விழுங்கிடும், வெளியவும் விட்டுடும். நம்மது செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, கீழ டைல்ஸ், பேஸ் அவ்வளவா வெளிய போகாது. மச்சான் ஹால்ல நீளம் அகலத்த விட சரியா ஒன்றரை மடங்கு, சுவருக்கு சுவர் சத்தம் மோதி சில சுரம் மட்டும் தானா பெருசாகும், அதத்தான் மோடுன்னு சொல்வாங்க; அதனால நீளத்தோட மூணாவது மோடும் அகலத்தோட ரெண்டாவது மோடும் ஒரே இடத்துல, 56 ஹெர்ட்ஸ்ல வந்து உக்காந்துச்சு, உயரத்தோட முதல் மோடு 51. பேஸ் கிட்டார்ல ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ்! அந்த ஒரு சுரம் வந்தா போதும், ஹாலே கும்முன்னு ஆயிடும், மத்த சுரமெல்லாம் அதுக்குள்ள அமுங்கிடும். சோஃபா பின் சுவர ஒட்டி இருந்தது இன்னும் மோசமாக்கிடுச்சு, 4 அடி முன்னாடி இழுத்ததுலயே பாதி சரியாச்சு. வாங்கறதுக்கு முன்னாடியே சத்தத்தோட வேகமான 343ஐ (நொடிக்கு மீட்டர்) அறை அளவோட ரெண்டு மடங்கால, மீட்டர்ல, வகுத்து முதல் மோடையும் அதோட மடங்குகளையும் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நடுத்தரமான ஸ்பீக்கரும் வேற வேற இடத்துல ரெண்டு சப்வூஃபரும் (பேஸ் மட்டும் பாடற தனிப் பெட்டி) இந்த ஹாலுக்கு இதவிட நல்லா இருந்திருக்கும்னு நான் இப்பவும் நம்பறேன்.

ஸ்பீக்கரோட குணம் உங்க ஹாலுக்கு ஒத்துவருமான்னும் பாருங்க. கிளிப்ஷ்ஹார்ன்ங்கற ஸ்பீக்கர் 1946லேர்ந்து வர்றது, மூலையில வைக்கறதுக்குன்னே போட்ட டிசைன், நம்ம வீட்ல மூலைய ஒட்டி கதவோ பால்கனி கண்ணாடியோ இருக்கும். மேக்னபான்ங்கற தட்டையான பேனல் ஸ்பீக்கர் பின்பக்கமும் பாடும், சுவர்லேர்ந்து நல்லா தள்ளி நிக்கணும், வீட்ல ஒத்துக்குவாங்களா? சாதா பாக்ஸ் ஸ்பீக்கர்லயும் வூஃபருக்கும் பின் சுவருக்கும் 1 மீட்டர் இருந்தா சுவர்ல பட்டு திரும்பற சத்தம் நேர் சத்தத்த அடிச்சு 86 ஹெர்ட்ஸ்ல குழி விழும், அதனால நகத்திப் பாக்க இடம் வேணும்.

அப்புறம் கை தட்டிப் பாருங்க, டைல்ஸும் கண்ணாடியும் இருக்கற ஹால்ல தட்டினது விர்ர்னு நீளும். கனமான ஜமக்காளம், திரை, புக் ஷெல்ஃப்னு காச ஒதுக்கிட்டு மிச்சத்துல ஸ்பீக்கர் பாருங்க.

வீட்டு டெமோ இல்லாம முழுக் காசையும் கட்டாதீங்க. ஒரு வாரம் வீட்ல வச்சு கேளுங்க, அளக்கற மைக் கிடைச்சா ஆர்ஈடபிள்யூங்கற இலவச சாப்ட்வேர்ல எந்த சுரம் எவ்ளோ சத்தமா வருதுன்னு காட்டற கர்வ் எடுங்க. அந்த 801 ஒண்ணே 100 கிலோ, மாடி ஹால்னா யார் ஏத்தறது, லிஃப்ட்ல போகுமான்னு மொதல்லயே பேசிக்கோங்க, வந்த பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பி அனுப்பறதுக்கும் பின்னாடி விக்கறதுக்கும் அது இல்லாம முடியாது.