தெருவுக்கு உப்பாக இருப்பது எப்படி?

பூமிக்கு உப்பாக இருங்கள் என்ற இயேசுவின் சொல்லின்படி சமுதாயத்தில் சாட்சியாக வாழ விரும்பும் கிறிஸ்தவர்கள் பலர், அதை ஒரு கூட்டத்தோடும் துண்டுப்பிரசுரத்தோடும் ஒலிபெருக்கியோடும் தொடங்க நினைக்கிறார்கள். மளிகைக் கடைக்காரரின் பற்று நோட்டிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. அந்த நோட்டில் உங்கள் பெயருக்கு நேராக எத்தனை மாதப் பாக்கி நிற்கிறது, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எந்தத் தேதியில் சம்பளம் கிடைக்கிறது, நீங்களே கடை வைத்திருந்தால் உங்கள் தராசு எப்படி நிற்கிறது என்பவற்றையெல்லாம் அக்கம்பக்கத்தார் உங்கள் ஜெபத்தைவிட நன்றாக அறிவார்கள். ஆகவே முதல் மாதத்தில் புதிதாக எதையும் தொடங்காமல் பாக்கிகளைத் தீர்த்துவிடுங்கள். தீர்க்க இயலாதவற்றுக்கு நேரில் சென்று தவணை கேளுங்கள்.

இது அற்பமாகத் தோன்றினால், தஞ்சாவூரில் ஊழியம் செய்து 1798-இல் மறைந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரை நினைத்துப் பாருங்கள். ஹைதர் அலியின் படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டை பட்டினியில் தவித்தபோது, சுற்றுப்புறத்து விவசாயிகள் தானியம் கொண்டுவர மறுத்தார்கள். முன்பு கொடுத்ததற்கே பணம் வராததால், அரண்மனையின் வாக்கையோ ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பெனியின் வாக்கையோ நம்ப அவர்கள் ஆயத்தமாக இல்லை. பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று சுவார்ட்ஸ் சொன்ன பிறகுதான் மாடுகளும் நெல்லும் கோட்டைக்குள் வந்தன. அவரும் சொன்னபடி பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். அவருடைய பிரசங்கங்களைக் கேட்டிராதவர்களும் அவருடைய சொல்லுக்கு மதிப்பு வைத்திருந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

அடுத்ததாக, உங்கள் தெருவின் ஒரே ஒரு தேவையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்துத் திட்டங்களை அறிவித்துப் பதாகை கட்டும் சபைகளில் பெரும்பாலும் பதாகைதான் மிஞ்சுகிறது. உதாரணத்துக்குக் காசநோயை எடுத்துக்கொள்வோம். மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரண வகைக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம் நீடிக்கிறது. சிக்கல் என்னவென்றால், இரண்டாவது மாதத்திற்குள் இருமல் நின்று உடம்பு தேறியதும் நோயாளி வேலைக்குப் போய்விடுகிறார், மாத்திரையும் நின்றுவிடுகிறது. அப்படி நிறுத்துவதால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகலாம், அதற்கான சிகிச்சையோ இன்னும் கடினமானது. ஆகவே இங்கே தேவைப்படுவது பெரும் பணம் அன்று. ஆறு மாதம் தவறாமல் ஒருவர் போய் எட்டிப் பார்ப்பதே. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் முதலில் பேசி, நோயாளியின் சம்மதத்தோடு, மாத்திரை சாப்பிடும் நேரத்தில் தினமும் பேசக்கூடிய ஒருவரை நியமியுங்கள். நோயாளியின் சத்துணவுக்காக அரசு வழங்கும் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது வங்கிக் கணக்கில் வருகிறதா என்று பார்த்துக்கொடுப்பதும், வராவிட்டால் உடன் சென்று விசாரிப்பதும் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய ஊழியம். வாரம் இரண்டு நாள் முட்டையும் பயறும் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு எச்சரிக்கை உண்டு. அந்த நோயாளியின் பெயரை ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்பாக வாசித்துவிடாதீர்கள். ஆலயத்தில் காலையில் சொன்னது மதியத்திற்குள் பேருந்து நிறுத்தம் வரை போய்விடும்; அவருடைய மகளின் கல்யாணப் பேச்சே அதனால் நின்றுபோகலாம்.

மருந்துப் பையோடு துண்டுப்பிரசுரத்தையும் வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் எழும். வைக்க வேண்டாம் என்பேன். படுக்கையில் இருப்பவரால் அதை மறுக்க இயலாது. மறுக்க இயலாதவரிடம் நீட்டப்படுவது அழைப்பு ஆகாது. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கியபோது நன்றி சொல்லத் திரும்பி வந்தவர் ஒருவர்தான். மற்ற ஒன்பது பேரின் சுகம் திரும்ப எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஏன் உதவுகிறீர்கள் என்று நோயாளி தாமாகவே கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த நேரத்திற்கு இரண்டு வாக்கியம் போதும்.

இனி, பலரும் தவிர்க்கும் பகுதிக்கு வருகிறேன். தன் சபைக்குள் சாதியை வைத்துக்கொண்டு ஊருக்கு ஒளியாக இருக்க முடியாது. 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபையால் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற பின் சாதி வேற்றுமை பாராமல் எல்லோரோடும் பழகினார். அதே வடக்கன்குளத்தில், அடுத்த நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயத்தில் இரு சாதியாரைப் பிரிக்க நடுவே சுவர் எழுப்பப்பட்டு, 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த சுவர் என்பதால் அதை இடிக்க முடிந்தது. உங்கள் சபையின் பொது விருந்தான அசனப் பந்தியில் பரிமாறுபவர்கள் யார், பாத்திரம் கழுவுபவர்கள் யார், கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலையில் யார் அடக்கம் செய்யப்படுகிறார்கள், கமிட்டித் தேர்தலில் ஓட்டு எந்த அடிப்படையில் விழுகிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். அதன் பின் மாற்ற முடிந்த ஒன்றை இந்த வருட அசனத்திலேயே மாற்றுங்கள். பந்தியில் யாருக்கும் தனி வரிசை வேண்டாம், பாத்திரம் கழுவும் முறை கமிட்டி உறுப்பினர்களிடமிருந்து தொடங்கட்டும். சிலர் சாப்பிடாமல் எழுந்து போகக்கூடும். போகட்டும்.

சிறிய காரியங்கள் சிலவும் உண்டு. இரவு 10 மணிக்குப் பின் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு இருந்தால் மாலையிலேயே சத்தத்தைக் குறையுங்கள். உதவிக்கென்று வாங்கிய காணிக்கையின் வரவுசெலவை மாதந்தோறும் ஆலய வாசலில் ஒட்டுங்கள்.

கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையைத் தவறவிடக் கூடாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. ஆலயத்துக்குப் பாதை கேட்டு மட்டும் அங்கே எழுந்து நிற்காதீர்கள். குடிநீர்த் தொட்டி எத்தனை மாதமாகக் கழுவப்படவில்லை, தெருவிளக்கு எந்தத் தெருவில் எரியவில்லை என்பதைக் கோயில் தெருக்காரரோடும் பள்ளிவாசல் தெருக்காரரோடும் முந்தின வாரமே பேசி, ஒரே மனுவாக எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் முடிந்ததும் அவசரப்பட்டுக் கிளம்பாமல், கேட்டது தீர்மானப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.