மும்பை வேர்வையும் 4 லிட்டர் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செம்பூரில் எங்கள் மேல்வீட்டு மாமிக்கு 72 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அக்டோபர் வெயிலுக்குப் பயந்து தினமும் 4 லிட்டர் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். பிபிக்கு நல்லது என்று உப்பையும் ஏறக்குறைய விட்டுவிட்டார். பத்தே நாளில் தலைசுற்றல், பேச்சில் குழப்பம். பரிசோதித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது.

தண்ணீர் கூடினால் என்ன, சிறுநீராகப் போய்விடாதா? போகும், ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் வெளியே விடுகிறது. கடைசிக் கட்டத்தில் எவ்வளவு நீரைத் திரும்ப எடுப்பது என்று சொல்வது மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். தண்ணீர் மிகுந்தால் அது குறையும், சிறுநீர் நீர்த்துப் போகும். ஆனால் அந்த நீர் வெளியேறக் கொஞ்சம் உப்பும் புரதமும் சாப்பாட்டில் இருக்க வேண்டும். வயதும், தையசைடு வகை பிபி மாத்திரையும் அந்த வழியை அடைக்கும். மாமி செய்த இரண்டு தவறும் ஒன்றையொன்று பெருக்கிவிட்டன. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடியோடு விடச் சொல்லவில்லை.

அடுத்தது இளநீர். அட்ரீனல் சுரப்பியின் ஆல்டோஸ்டீரான் என்ற ஹார்மோன் சோடியத்தைப் பிடித்துவைத்து பொட்டாசியத்தை வெளியே தள்ளும். டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிபி மாத்திரைகள் அந்த வேலையைக் குறைப்பதால் பொட்டாசியம் தங்கும். அதற்கு மேல் தினம் இரண்டு நாரியல் பானி (இளநீர்), 'லோ சோடியம்' உப்பு (அதில் ஒரு பங்கு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான்) என்றால் இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்கிறார்கள். அது 1 லிட்டருக்கானது. கெட்டியாகக் குடித்தால் வயிற்றுப்போக்கு கூடும். கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) உடம்பை வறட்டுமோ என்ற கவலை மட்டும் தேவையில்லை.

லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாதே என்று காலையிலிருந்து தண்ணீரே தொடாத பெண்களை எனக்குத் தெரியும். வாசோபிரெசின் நாள் முழுக்க நீரைப் பிடித்துவைக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகி, கல்லுக்கும் தொற்றுக்கும் இடம் கொடுக்கும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, ஆபீஸ் சேர்ந்ததும் மறுபடி குடிக்கலாம். வேர்த்துக் கொட்டிய நாளில் உப்புப் போட்ட மோர் ஒரு டம்ளர்.