அடிக்கட்டையைத் தூரோடு எடுக்கணுமா? நாலடி விட்டு அறுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொல்லையில் நின்ற வேம்பு பாதியில் முறிந்தது. மரம் அறுக்க வந்தவர்கள் தரையோடு தரையாக அறுத்துக் கொடுத்தார்கள். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் தூரைச் சுற்றித் துளிர்த்தது. ஒடிக்க ஒடிக்கத் துளிர்த்தது. சரி, தோண்டி எடுத்துவிடலாம் என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது, பிடித்து ஆட்ட மேலே ஒன்றுமே இல்லை. உங்கள் மரம் இன்னும் நிற்கிறதென்றால் நாலடி விட்டு அறுக்கச் சொல்லுங்கள். கடைசியில் தூரைச் சாய்க்கப் போவது அந்த நாலடிதான்.

தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள், செப்டிக் டேங்க் எங்கே போகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தூர் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் இந்த முறை வேண்டாம். வேரை இழுக்கும்போது அஸ்திவாரத்துக்கும் சேதம் வரலாம்.

முந்தின நாள் மாலையே தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். காய்ந்த களிமண்ணில் கடப்பாரை இறங்காது. மறுநாள் தூரிலிருந்து இரண்டடி தள்ளி, சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டுங்கள். பக்கவேர்கள் தெரிந்ததும் ஹோஸ் வைத்து மண் போகக் கழுவிவிட வேண்டும். மண்ணும் கல்லும் ஒட்டிய வேரில் போட்டால் கோடாரி முனை மழுங்கிவிடும். செயின் ரம்பத்தை மண்ணுக்குள் விடவே கூடாது. ஒவ்வொரு வேரையும் தூரை ஒட்டி ஒரு வெட்டு, வெளிப்பக்கம் ஒரு வெட்டு என்று இரண்டு இடத்தில் வெட்டி, நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். ஒரே இடத்தில் வெட்டினால் தூர் அசைய இடம் இருக்காது.

இனிதான் நான் இரண்டு நாள் சிக்கிக்கொண்ட இடம். பக்கவேர் எல்லாம் வெட்டியாகிவிட்டது, தூர் லேசாக ஆடுகிறது, ஆனால் வரவில்லை. அடியில் ஆணிவேர் பிடித்திருக்கிறது. நான் சுற்றிலும் ஆழப்படுத்திக்கொண்டே போனேன்; அது வீண்வேலை. ஒரே ஒரு பக்கம் மட்டும், ஆள் குந்தி உட்காரும் அளவுக்குக் குழி எடுங்கள். அங்கிருந்து தூருக்கு அடியில் மண்ணைச் சுரண்டினால் ஆணிவேர் தெரியும். ஒரு முனை கூராகவும் மறுமுனை உளி மாதிரித் தட்டையாகவும் இருக்கும் கடப்பாரைதான் இதற்குச் சரி. தட்டை முனையால் வேரைக் குத்திக் குத்தி அறுக்க வேண்டும். பாதிக்கு மேல் அறுந்ததும் குழியை விட்டு மேலே வந்துவிடுங்கள். குழிக்குள் ஆள் இருக்கும்போது தூரை யாரும் தொடக்கூடாது. அப்புறம் நாலடிக் கட்டையின் உச்சியில் கயிறு கட்டி, தள்ளி நின்று குழிப்பக்கமாக இழுத்தால் சாய்ந்துவிடும்.

எனக்கு அந்த நாலடி இல்லாததால், சங்கிலியால் கனத்தை இழுக்கும் செயின் பிளாக் வாடகைக்கு எடுத்தேன். அதை உயிருள்ள பெரிய மரத்தின் அடியில், சாக்கு சுற்றிக் கட்டுங்கள். காம்பவுண்டு தூணில் வேண்டாம். சங்கிலி நேருக்கு யாரும் நிற்காதீர்கள்.

உப்புக் கொட்டினால் மட்கிவிடும் என்பார்கள், கெடுவது மண்தான். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது ஆபத்து, அதிலும் மேல்தான் கருகும், வேர் அப்படியே இருக்கும். குழியை மூடும்போது அரையடி மேடாகவே விடுங்கள், மழையில் இறங்கிவிடும். விட்டுப்போன பக்கவேரில் வேம்பு மறுபடி துளிர்க்கும், பிஞ்சிலேயே பிடுங்கிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: தென்னைக்கும் இதே முறையா என்று பலர் கேட்டிருந்தீர்கள். இல்லை. தென்னைக்கு ஆணிவேரே கிடையாது, விரல் தடிமனில் நார்வேர்கள்தான். சுற்றிலும் கடப்பாரையால் குத்தி அறுத்தாலே போதும். அது துளிர்க்காது என்பதால் அப்படியே மட்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மட்கும் தென்னந்தூரில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். எங்கள் பழைய தூர் ஒன்றைப் பிளந்தபோது, ஈரத்தூளுக்குள் கட்டைவிரல் பருமனில், வெள்ளையாகச் சுருண்டு புழுக்கள் கிடந்தன. அவை வண்டாகிப் பக்கத்துத் தென்னையின் குருத்தைத்தான் குடையும். பிளந்து, புழுவைப் பொறுக்கிக் கொன்று, கட்டையைக் காயவைத்து அடுப்பில் எரித்தோம்.