மீன் தங்கும் செயற்கைப் பார் அமைப்பது எப்படி

கடலடியில் மீன் ஒதுங்குவதற்காக இறக்கும், துளைகள் உள்ள கான்கிரீட் கட்டமைப்புதான் செயற்கைப் பார். முதலில் தரை. 15 முதல் 20 மீட்டர் ஆழத்தில் கெட்டியான மணல் தரையாகப் பாருங்கள். முக்குளிப்பவர் இரும்புக் கம்பியை ஊன்றிப் பார்க்கட்டும். கையால் அழுத்தியதுமே சரசரவென்று இறங்கினால் அது சேறு, எதைப் போட்டாலும் புதையும். பவளமோ கடற்புல்லோ உள்ள இடத்தில் இறக்கவே கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். வலை விடும் தடம் எது என்று ஊர் மீனவர்களிடம் கேட்காமல் இடம் குறிக்காதீர்கள்.

பாரின் உயிர் துளையில்தான் இருக்கிறது. 5 செ.மீ. முதல் 30 செ.மீ. வரை பல அளவில் வையுங்கள்: சிறியதில் குஞ்சும் சிங்கி இறாலும், பெரியதில் கலவா மீனும் ஒதுங்கும். ஒவ்வொன்றும் மறுபக்கம் வரை ஊடுருவ வேண்டும். ஒரு பக்கம் அடைத்த குழியில் நீரோட்டம் புகாது, வண்டல் நிரம்பிவிடும். உள்ளே கூடு போல இருந்தால் மேலே அகலமாகத் திறந்துவிடுங்கள். ஆமை நுழைந்து வெளியேற முடியாமல் சாகக்கூடாது.

கலவைக்கு இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்ட் (ஸ்லாக் சிமென்ட்) நல்லது. 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். கடல் மணலும் கடல் நீரும் கூடவே கூடாது. கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் மூட வேண்டும். கம்பிக்கும் அச்சுக்கும் இடையே இடைவெளி காக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்கச் சோம்பி ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பார்கள். அது நகர்ந்துவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பும், மூலை தெறிக்கும்.

கான்கிரீட் வார்க்கும் அச்சில் பழைய இன்ஜின் ஆயில் தடவாதீர்கள். சர்க்கரைக் கரைசல் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகாமல் நிற்கும். மறுநாள் அச்சைக் கழற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஜல்லி தெரியும் அளவுக்குச் சொரசொரப்பாகிவிடும். சிப்பிக்கும், பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுக்கும் ஒட்ட அதுதான் பிடிமானம். பிறகு 28 நாள் நீராற்றுங்கள். காரத்தைக் காட்டும் பிஎச் அளவு புதுக் கான்கிரீட்டில் 12க்கு மேல், கடல் நீருடையது ஏறக்குறைய 8. அந்தக் காரம் குறையாமல் நல்ல உயிர்கள் ஒட்டாது.

ஒரு டன் கான்கிரீட் தண்ணீருக்குள் 570 கிலோ அளவுக்குத்தான் கனக்கும். அதனால் அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும். இல்லையேல் நீரோட்டம் ஓரத்து மணலை அரித்துச் சாய்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியதும் கிரேனில் கட்டி இறக்குங்கள். படகிலிருந்து உருட்டிவிட்டால் பாதி உடையும், மீதி தலைகீழாகக் கிடக்கும். நாலைந்தாகக் கொத்துவைத்து, கொத்துகளுக்கிடையே வெற்று மணல் விடுங்கள்.

தூத்துக்குடி வான் தீவைச் சுற்றி 2015 முதல் இறக்கிய துளையிட்ட சரிவகப் பார்களின் வேலை வேறு. தீவை அரிக்கும் அலையை உடைக்க வேண்டும் என்பதால் அவை ஆழம் குறைந்த நீரில் நிற்கின்றன. பாரின் மேல் பவளத் துண்டு நடுவதாக இருந்தால் கோடையில் தொடாதீர்கள். அந்தச் சூட்டில்தான் பவளம் வெளுக்கும். அறுந்த வலை பாரில் சுற்றிக்கொள்ளும், அதை அவ்வப்போது வெட்டியெடுக்க ஆளும் பணமும் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.