ஜப்பானுக்குச் செல்லும் மாணவர் குழுவை ஆயத்தப்படுத்துவது எப்படி?

ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014 முதல் நடத்திவரும் சகுரா அறிவியல் திட்டம் போன்ற பரிமாற்றப் பயணங்களில் ஏறத்தாழ ஒரு வாரமே கிடைக்கும் என்பதால், புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஆசிரியர் வகுப்பறையில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். முதற்கண், ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு கேள்வியைத் தேர்ந்துகொள்ளட்டும். டோக்கியோவின் மிராய்கன் அறிவியல் காட்சியகத்தில் தொங்கும் ஆறு மீட்டர் விட்டமுள்ள பூமிக்கோளத்தில் மேகங்கள் நகர்வதைக் காணும் மாணவர், அந்தச் செயற்கைக்கோள் படங்கள் எவ்வாறு திரையை அடைகின்றன என்று அங்குள்ள அறிவியல் விளக்குநர்களிடம் தயங்காமல் கேட்க வேண்டும்.

ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட் மட்டுமே; சார்ஜரின் மீது ‘100–240’ என்று அச்சிடப்பட்டிருக்கிறதா எனப் பார்த்து, தட்டையான இரண்டு முனைகள் கொண்ட அடாப்டரையும் எடுத்துவையுங்கள். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சுற்றிப்பார்த்தலைப் பாடத்திலிருந்து பிரிக்காதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. டோக்கியோவின் அசாகுசா பகுதியிலுள்ள சென்சோஜி புத்தக் கோயிலில் பக்தர்கள் ஊதுபத்திப் புகையைக் கைகளால் அள்ளித் தலையில் தடவிக்கொள்வதைப் பார்த்த பின், கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். 1945 குண்டுவீச்சில் எரிந்து, 1958இல் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பப்பட்ட அந்தப் பிரதான மண்டபத்தின் ஓடுகள் இன்று டைட்டானியத்தால் ஆனவை; நிலநடுக்க நாட்டில் கூரையின் எடை ஏன் குறைய வேண்டும் என்பதை மாணவர்களே அன்றிரவு குறிப்பேட்டில் எழுதட்டும்.