தலையில் அடிபட்டால் முதலில் வெளியே, மற்றதெல்லாம் பிறகு

விளையாட்டில் ஏற்படும் தலைக்காயங்கள்தான் என் ஆய்வு. போட்டி நாளில் எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, மோதலுக்குப் பிறகு எழுந்திருப்பவரின் கால்களைத்தான் கவனிப்பேன். தள்ளாடுகிறாரா, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்கிறாரா என்று பார்ப்பேன். பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளர் வழக்கமாக, "மயங்கி விழலையே, அப்புறம் என்ன?" என்பார். மூளை அதிர்ச்சி, அதாவது கன்கஷன், வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் மயங்குவதே இல்லை. தலையில்தான் அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. உடம்பில் மோதித் தலை வேகமாக ஆடினாலே போதும்.

அதனால் சந்தேகம் வந்தாலே ஆட்டத்தை விட்டு வெளியே எடுங்கள். ஆனால் நினைவில்லாமல் கிடந்தாலோ கழுத்து வலிக்கிறது என்றாலோ தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். மூச்சு வருகிறதா என்று பாருங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பார்வை இரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது, குழப்பம் அதிகமாவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

அதெல்லாம் இல்லையென்றால் கேள்வி கேட்கலாம். பெயரும் பிறந்த தேதியும் கேட்டுப் பயனில்லை; மூளை குழம்பியிருக்கும்போதும் அவை சரியாகவே வரும். இது எந்த மைதானம், இப்போது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகக் கோல் போட்டது யார், போன ஆட்டம் யாருடன், அதில் ஜெயித்தோமா? களத்திலேயே கன்கஷனைச் சோதிக்கக் கேட்கப்படும் இவற்றை மேடாக்ஸ் கேள்விகள் என்பார்கள். அண்மை நினைவைத் தொடுவதால் இவற்றில்தான் தடுமாற்றம் தெரியும். ஒன்று தவறினாலும் கன்கஷன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும் அன்று மறுபடி இறக்காதீர்கள், ஏனென்றால் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரும். "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்பதை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேனே தவிர, அதை வைத்து முடிவெடுக்க மாட்டேன். விளையாட ஆசைப்படுகிறவர் வேறென்ன சொல்வார்?

அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது. ஆபத்து அறிகுறி இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டால் தாராளமாகத் தூங்கலாம்; இரவெல்லாம் எழுப்பிக்கொண்டே இருப்பது பழைய பயம்.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, நாளைக்கு ஆடலாமா?" என்பது அடுத்த கேள்வி. சிடி ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுகிறது. கன்கஷனில் கோளாறு செல்களின் வேலையில். பொட்டாசியம் வெளியேறி, கால்சியம் உள்ளே புக, அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. இது படத்தில் விழாது. இந்த நிலையில் இரண்டாவது அடி பட்டால், அரிதாகத்தான் என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம்.

சரி, இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டுமா? வேண்டாம். விளையாட்டில் கன்கஷன் பற்றி 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சர்வதேச மாநாட்டின் பரிந்துரையும் இதுதான்: முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வு, செல்போன் குறைவு, அப்புறம் நடை. தலைவலி லேசாக எட்டிப் பார்த்து ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் தொடரலாம். அதற்கு மேல் போனால் நிறுத்திவிட்டு மறுநாள் முயலுங்கள். நடை, மிதமான ஓட்டம், மோதல் இல்லாத தனிப் பயிற்சி, குழுப் பயிற்சி, மோதல் உள்ள பயிற்சி, போட்டி என்று படிப்படியாக, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு ஏறுங்கள். மோதல் இருக்கக்கூடிய எந்தப் பயிற்சிக்கும் முன்பு அறிகுறிகள் முழுதாகப் போயிருக்க வேண்டும், மருத்துவரின் ஒப்புதலும் வேண்டும். மாணவர் என்றால் பள்ளிக்கு முழு நேரமும் சிரமமில்லாமல் போய்வந்த பிறகுதான் போட்டி.