குறியீடு கிடைத்த பிறகு வரும் வில்லங்கம்

புவிசார் குறியீடு (ஜிஐ) என்பது ஒரு ஊருக்கே உரிய பொருளுக்குத் தரப்படும் பதிவு. அதற்கான விண்ணப்பத்தில் கையெழுத்து விடுபடுவது, கட்டணம் குறைவது எல்லாம் பதிவகத்திலிருந்து கடிதம் வந்ததும் சரியாகிவிடும். இராமநாதபுரம் மாவட்டத்தில் கடலாடி, சாயல்குடி, திருவாடானைப் பக்கம் இதில் புதிதாக இறங்குபவர்கள் வழுக்கி விழும் இடங்கள் வேறு.

"நம்ம ஊரு மிளகாய்தானே, ஜிஐ போட்டுக்கலாம்"

போடக்கூடாது. எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இது.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாக்கெட்டுக்குள் இருப்பது அசல் முண்டு. உருண்டை, தடித்த தோல், கருஞ்சிவப்பு, காம்பும் அப்படியே. ஆனால் பாக்கெட்டின் மூலையில் இணையத்தில் இறக்கிய ஜிஐ சின்னம். அச்சடித்தவர் பெயர் பதிவேட்டில் கிடையாது. சரக்கு சுத்தம், லேபிள் தப்பு.

1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் இருவரைத் தனித்தனியாகப் பார்க்கிறது. விண்ணப்பித்துக் குறியீடு வாங்கிய சங்கமோ அமைப்போ பதிவு உரிமையாளர். அந்தப் பெயரைச் சரக்கில் போடும் உரிமை, 21-ஆம் பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனருக்கு மட்டுமே. சங்கத்தில் சந்தா கட்டிய ரசீது பயனர் சான்றிதழ் ஆகாது. போலிச் சரக்கு மீது வழக்குப் போடும் உரிமையும் பதிவோடுதான் வரும். பதியாத விவசாயி, வெளியூர் மிளகாய் தன் ஊர்ப் பெயரில் விற்பதைக் கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இத்தனைக்கும் பயனராகப் பதியும் வேலை சின்னது. படிவம் ஜிஐ-3. 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020 திருத்தத்தில் 10 ரூபாய் ஆனது; பஸ் டிக்கெட்டை விடக் குறைவு. நீங்கள்தான் உற்பத்தியாளர் என்று காட்டும் விவர அறிக்கையும் உறுதிமொழிப் பத்திரமும் இணைத்து, கிண்டியிலுள்ள பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு நகல் பதிவு உரிமையாளருக்கும் போக வேண்டும். அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டா மட்டும் வைத்தால் நிலம் உங்களுடையது என்றுதான் ஆகும். மிளகாய் போட்டது அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) தான் தெரியும். மண்டிச் சீட்டும் சேர்ந்தால் இன்னும் பலம். குத்தகைக்காரர்கள் வி.ஏ.ஓ. சான்று வாங்கிவிடுவது நல்லது.

வியாபாரி என்பதால் ஒதுங்க வேண்டாம். விளைபொருளைப் பதப்படுத்துபவர், பொட்டலம் கட்டுபவர், விற்பவர் எல்லாருமே சட்டத்தின் கணக்கில் 'உற்பத்தியாளர்'தான்.

பதிந்த பிறகு வெளிச் சரக்கைக் கலந்தால்? பதிவு நிபந்தனையை மீறினால் ரத்து செய்ய 27-ஆம் பிரிவு இருக்கிறது.

சாயல்குடிக் கருப்பட்டிக்கு உடன்குடிப் பெயர்

விலை கூடுதலாகப் போகும் என்பதற்காகச் செய்வது. உடன்குடி பனங்கருப்பட்டி தூத்துக்குடி மாவட்டத்துக் குறியீடு. பனையும் பதநீரும் ஒன்றுபோலவே இருக்கலாம். எந்த ஊர்ச் சரக்கு என்பதில் வாங்குபவரை மயங்க வைத்தாலே அது மீறல்தான். கீழே பொடி எழுத்தில் சாயல்குடி முகவரி போட்டிருப்பது காப்பாற்றாது.

"ருசி தனி" என்று எழுதுவது

புதிதாக ஒரு பொருளுக்கு விண்ணப்பிக்கும்போது இது செல்லாது. மண், மழை, கடற்காற்று, கைப்பக்குவம் இவற்றில் எது அந்தக் குணத்தைத் தருகிறது என்று காட்ட வேண்டும். தோல் தடிமன், நிறம், காரம் ஆகியவற்றின் ஆய்வக அளவுகள், பழைய ஆவணச் சான்று, எல்லை குறித்த வரைபடம், தரத்தை யார் சோதிப்பார்கள் என்ற ஏற்பாடு, இத்தனையும் கேட்பார்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் வெறும் பெயர்ப்பட்டியலாக ஒப்பேற்றுகிறார்கள்.

வகுப்பு எண்

விண்ணப்பத்தில் பொருள் எந்த வகுப்பில் வருகிறது என்பதில் குழம்ப வேண்டாம். கருவாடு 29. கருப்பட்டி, காய்ந்த மிளகாய் 30. பச்சை மிளகாய், உயிர் நண்டு 31.

இதழைப் பார்க்காமல் விடுவது

விண்ணப்பங்கள் பதிவகத்தின் இதழில் வெளியாகும். பக்கத்து மாவட்டத்தார் உங்கள் ஊரையும் தங்கள் எல்லைக்குள் வரைந்திருக்கலாம். ஆட்சேபிக்க, இதழில் வெளியான பின் மூன்று மாதம். கேட்டால் இன்னும் ஒரு மாதம் வரை.

புதுப்பித்தல்

பதிவைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை.

உரிமையை விற்பது

முடியாது. அடமானமும் கிடையாது. பயனர் இறந்தால் வாரிசுக்குப் போகும்.